நான்கு வருடப் பெற்றோல்

“நாலு வருசத்துப் பெற்றோலை எஞ்சினுக்கு விடலாமோ அண்ணை?”

கேட்டபடியே இன்பமலர் நீல நிறப் பெற்றோல் கானைக் கொட்டில் வாசலில் இறக்கி வைத்தாள். உப்புவெளிக் கரையில் போட் எஞ்சின் திருத்தி, தன் போட்டில் கடலுக்கும் போகிற பேணாட், கையிலிருந்த ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பதை நிறுத்தினார்.

அந்தக் கானை அவருக்குத் தெரியும். நாடே பெற்றோலுக்காக வரிசையில் நின்ற வருடம், இரண்டு பகல் வெயிலில் நின்று, முன்னால் நாலு பேரே மிச்சம் இருந்த வேளையில் விழுந்து செத்துப் போன மேர்வினின் கான். இன்பமலரின் புருஷன். அவனுக்கு அடுத்ததாக வரிசையில் நின்றவர் பேணாட்தான். அன்று பின்னேரம் கானை நிரப்பிச் செத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான்.

“இதை இன்னும் வைச்சிருக்கிறியே பிள்ளை?”

“அலுமாரிக்குப் பக்கத்திலை, அவர் படத்துக்குக் கீழை. ஒருத்தரையும் தொட விடுறேல்லை.” அவள் முந்தானையால் கானின் தூசியைத் துடைத்தாள். “நாளைக்குக் காலமை சுவாமி வந்து போட்டை மந்திரிக்கிறார். அவர்ர தம்பி கிருஷாந்தன் முதன்முதலா உங்களோட கடலுக்கு வாறான். தமையன்ர எஞ்சின், தமையன்ர பெற்றோலிலையே முதல் ஓட்டம் ஓடட்டும் எண்டு மாமி ஆசைப்படுறா.”

“விடாதை,” என்றார் பேணாட்.

“ஏன் அண்ணை, ஸ்ராட் ஆகாதோ?”

“ஆகும். அதுதான் பயம். கரையிலை ஸ்ராட் ஆகாட்டிப் பரவாயில்லை, எஞ்சினைக் கழட்டிக்கொண்டு வீட்டை போகலாம். இது பத்து மைல் கொண்டுபோய் விட்டிட்டு நிக்கும்.” அவர் சுட்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினார். “காபரேட்டர் ஓட்டை இவ்வளவுதான். பெற்றோல் ஆறு மாசம் கிடந்தாலே அதின்ர சத்து ஆவியாப் போகத் தொடங்கியிரும். பிறகு பசை கட்டும். பசை போய் ஓட்டையை அடைச்சால் கதை முடிஞ்சுது.”

“புதுப் பெற்றோலோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து விட்டால்?”

“மோட்டார் சைக்கிள் எண்டால் கலந்து பாக்கலாம். நிண்டால் இறங்கித் தள்ளலாம். கடலிலை ஆரை இறங்கித் தள்ளச் சொல்லுறாய்?”

“கிருஷாந்தனைச் சொன்னால் இறங்குவான்,” என்று லேசாகச் சிரித்தாள். “நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிற விசரன் அவன்.”

பேணாட்டும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“எங்கட வீட்டிலை மிச்சம் இருக்கிற ஆம்பிளை அவன் ஒருத்தன்தான் அண்ணை,” என்றாள் இன்பமலர். “உங்களை நம்பித்தான் விடப்போறன்.”

“என்ர உயிரைக் குடுத்தெண்டாலும் அவனைக் கரை சேப்பன். நீ பயப்பிடாதை.”

“பயம் இல்லை. அவர் விழுந்த நேரம் ஆஸ்பத்திரி வாசலிலை நாங்கள் எல்லாரும் குழறிக்கொண்டு நிக்க, அவர்ர பெற்றோல் அட்டையைக் காட்டி, முறையை விடாமல் கானை நிரப்பினது நீங்கள். அந்தக் கிழமை இந்தக் கரையிலை கடலுக்குப் போனது உங்கட போட் ஒண்டுதான். அதிலை வந்த மீனையும் எங்கட குசினிக்குக் கொண்டுவந்து தந்தனீங்கள். பிள்ளையள் அதைத்தான் திண்டதுகள்.”

“அதை இப்ப ஏன் கதைக்கிறாய்?”

“சும்மா. நினைப்பு வந்தது.”

பேணாட் குனிந்து பிளக்கை மறுபடி துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“அப்ப இதை என்ன செய்யிறது அண்ணை?”

“விட்டிட்டுப் போ. நான் ஊத்துறன். கண்ட இடத்திலை ஊத்தி நெருப்புக் கிருப்புப் பிடிச்சால் வில்லங்கம். கானைக் கழுவிப் பிறகு தாறன்.” அவர் எழுந்து வந்து பிடியில் கை வைத்தார்.

“ஊத்த முதல் ஒருக்காத் திறந்து மணந்து பாருங்கோவன். சிலநேரம் நல்லாக் கிடக்கும்.”

“மணக்கத் தேவையில்லை. முப்பது வருசமா இந்த வேலை செய்யிறன், எனக்குத் தெரியாதே? வார்னிஷ் மாதிரி நாறும்.”

இன்பமலர் அவருடைய முகத்தைப் பார்த்தாள். நாலு வருடத்தில் அவள் அவரை இப்படி நேராகப் பார்த்ததில்லை.

“உங்கட வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை, நான் போய் மாமிக்குச் சொல்லுறன். இதுக்குள்ளை கிடக்கிறது கெட்டுப்போன பெற்றோல், என்ன?”

பேணாட் கடலைப் பார்த்தார். தூரத்தில் யாரோ வலை இழுக்கிற கூச்சல். அது எழுந்து, தேய்ந்து, நின்றும் விட்டது.

“ஓம்,” என்றார் கடைசியில். “கெட்டுப்போச்சுது.”

அவள் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள். மணலில் இரண்டு அடி வைத்த பிறகு திரும்பினாள். குரல் உயரவில்லை.

“முதலாம் ஆண்டுப் பூசையண்டைக்கு, அவர்ர உடுப்பிலை அடிக்கிற அந்த மணத்தை ஒருக்கா மணக்க வேணும்போல கிடந்தது. மூடியைத் திறந்தனான் அண்ணை. உள்ளுக்குக் கடல் தண்ணிதான் கிடந்தது. கிருஷாந்தன் நாளைக்கு உங்களோட வரமாட்டான்.”