விளக்கு வைத்தபின் உறைமோர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கண்ணுக்கே தெரியாத ஒரு சண்டையைச் சொல்கிறேன். நடந்தது ஒரு பால் சட்டிக்குள்.

மலேசியாவில், லாபிஸ் ஊரில், செல்வராணியின் பால் மூன்று நாளாக உறையவில்லை.

நாளை தீமிதி. நெருப்பில் நடந்து வருபவர்களுக்கு மோர் ஊற்றுவது பதினைந்து வருடமாக அவள் பொறுப்பு. கடைத் தயிரை விட்டுப் பார்த்தாள். அதுவும் தண்ணீராகவே நின்றது.

மகள் பிரேமலாவுக்குத் தெப்ராவில் பால் தொழிற்சாலையில் சோதனைக்கூட வேலை. போனில் சொன்னாள்.

"கண்ணு பட்டதில்லம்மா. தயிர்க் கிருமிய பிடிக்கிற வைரஸ். பேஜுன்னு பேரு. நம்ம அடுப்படி பூரா அதான் இருக்கும்."

கேட்டுக்கொண்டே செல்வராணி சட்டியைப் பார்த்தாள். உள்ளே நடப்பது தெரிவது போலிருந்தது.

கால் முளைத்த தூசு ஒன்று மிதந்து வருகிறது. தயிர்க் கிருமியின் தோளில் மெல்ல இறங்குகிறது. ஒரு நூலை மட்டும் உள்ளே விடுகிறது.

கிருமி தன் வேலையை மறக்கிறது. வந்தவனின் பிள்ளைகளையே பெற்று அடுக்குகிறது. பிறகு வெடிக்கிறது.

எப்போதாவது ஒன்றிரண்டு தப்பிக்குமாம். வந்தவனின் நூலில் ஒரு துண்டை வெட்டித் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்ளுமாம். அதன் வம்சம் அவனை மறக்காதாம். அப்படி ஒரு உறை கிடைத்தால் போதும் என்றாள் மகள்.

விளக்கு வைத்தாயிற்று. செல்வராணி டம்ளரோடு அடுத்த வீட்டு வேலிக்குப் போனாள்.

அங்கம்மாவோடு ஏழு வருடமாகப் பேச்சில்லை. அவள் வீட்டு உறை ஒரு காலத்தில் இவள் கொடுத்ததுதான்.

"வெளக்கு வச்சப்புறம் ஒங்க வீட்டுல தயிர் குடுக்க மாட்டீங்கதானே," என்றாள் அங்கம்மா.

உள்ளே போய்விட்டாள்.

திரும்பிவிடலாமா என்று செல்வராணி நின்றாள். அதற்குள் அங்கம்மா வந்து டம்ளரில் ஒரு கரண்டி விட்டாள். கத்தியால் வெட்டலாம் போன்ற தயிர்.

"அன்னைக்கி எங்க பாலும் இப்படித்தான் தண்ணியா போச்சு. ஒங்க வாசல்ல வந்து கேட்டேன். வெளக்கு வச்சாச்சுன்னு கதவ சாத்திட்டீங்க. வேற வழி? கெட்ட சட்டியிலயே தெனம் ஒரு கரண்டி புதுப்பால் விட்டு வச்சிருந்தேன். ஒம்பதாம் நாள் அதுவா உறைஞ்சுது. அப்புறம் ஒரு நாளும் கெடல."

செல்வராணி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பாத்துப் போங்கக்கா. சிந்திரப் போவுது."

உங்கள் வீட்டுப் பால் பொங்கட்டும், உறையட்டும், கண்ணுகளா. விளக்கு வைத்தபின் வந்து கேட்பவருக்கும் உங்கள் சட்டியில் ஒரு கரண்டி இருக்கட்டும்.