பக்கத்துக் கல்லுக்கும் அழைப்பு

மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க மதராஸ் போன வியாகுலம்மாள், அப்படியே போர்வீரர் கல்லறைத் தோட்டத்துக்கும் போனாள். யுத்தத்தில் செத்த தம்பியின் கல் முன்னால் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தாள். ஒரு வீட்டில் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டைத் தாண்டிப் போவது அவளுக்குப் பழக்கமில்லை. வெட்டிவிட்ட ஈரப்புல்லில் நடந்து வரிசை நெடுக, பெயரில்லாத கல்லிடம்கூட, "நீங்களும் கண்டிப்பா வந்துடணும்" என்றாள்.

பொன்மலையில் கல்யாணச் சாப்பாடு. ஸ்ரீரங்கத்து இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவளிடம் பரிமாறுகிற அழகிரி வந்தார்.

"கடைசி வரிசையில யாருங்கம்மா? ஆளுக்கு ஆள் ஒரே அளவு இடம் விட்டு உக்காந்திருக்காங்க. பேச்சே இல்லை. காலெல்லாம் வெட்டின புல்லு ஒட்டியிருக்கு."

வியாகுலம்மாள் நிமிரக்கூட இல்லை.

"நம்ம தம்பியும் அவன் பக்கத்து ஆளுங்களும். இலையப் போடுங்க. தம்பிக்கு மட்டும் ரசம் நீங்களே ரெண்டாந்தரம் ஊத்திடுங்க, வாய்விட்டுக் கேக்க மாட்டான்."