பழிக்கு ஒரு பூனை

செல்வகுமாரி பூனைக்குட்டியைப் பிடித்து உரச் சாக்கில் போட்டு வாயைக் கட்டிவிட்டாள்.

ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டால்தான் திரும்பி வராதாம். குருவிநத்தம் எல்லையோர ஊர்; ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. பூனையை நாடு கடத்தத் தம்பியின் பைக் வாசலில் தயாராக நின்றது.

தம்பி மனைவி அருள்மொழி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

குழந்தைக்கு ஆறு மாதம். வலது கண் ஒரு இடத்தில் நிலைக்கவில்லை. வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து கிருமி போயிருக்கிறது, விழித்திரையில் தழும்பு விழுந்துவிட்டது, மருந்து கொடுத்து மேலும் கெடாமல் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். பூனையாலும் பரவும் கிருமி என்பதால் வீட்டில் பூனை உண்டா என்றும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வி போதாதா நாத்தனாருக்கு? பூனையைக் கொஞ்சிக் கொஞ்சியே அருள்மொழி பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்று பாகூர் வரைக்கும் சொல்லி முடித்தாயிற்று.

பூனைக்குட்டிக்கு வயது மூன்று மாதம். கூட்டிக் கழிக்கத் தெரியாதவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை. ஆனாலும் பழி போட யாராவது வேண்டும். வாயில்லாத ஜீவன் என்றால் இன்னும் வசதி.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். அப்போது அறைக்குள் இருந்தவர்கள் அருள்மொழியும் அவள் புருஷன் புகழ்வேந்தனும் மட்டும்தான். மாசமாக இருந்தபோது சரியாக வேகாத கறி சாப்பிட்டீர்களா?

சாப்பிட்டாள். ரத்தம் குறைவு என்று நர்ஸ் சொன்ன நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் மாமியார் அமிர்தம் கறிக்கடை திறக்கும் முன்பே போய் நிற்பாள். கம்பியில் குத்தித் தணலில் வாட்டுவாள். ரொம்ப வேகவிட்டால் சத்து போய்விடும் என்பது அவள் நினைப்பு. உள்ளே சிவப்பாக இருக்கும்போதே மிளகுப்பொடி தூவி மருமகளுக்கு ஊட்டிவிடுவாள். பெற்ற மகள் செல்வகுமாரிக்குக்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

பெரும்பாலும் அதில்தான் வந்திருக்கும் என்றார் டாக்டர்.

கூட வந்திருந்த மாமியார் காதுக்கு இது போகக் கூடாது என்று, அவள் முன்னே இறங்கிப் போனதும் ஆஸ்பத்திரிப் படியிலேயே புருஷனிடம் சத்தியம் வாங்கிவிட்டாள் அருள்மொழி. அதற்காகச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் அவள் தயாராக இல்லை.

“சாக்க அவுருங்க, அண்ணி. எம்புள்ள கண்ணுக்கு இந்தப் பூனையும் காரணமில்ல, நானும் காரணமில்ல.”

அப்படியானால் வேறு யார் காரணம் என்று செல்வகுமாரி குரலை உயர்த்தினாள். தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். புகழ்வேந்தன் செல்போனைப் பார்த்தான். அருள்மொழி குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வாசலை விட்டு நகரவில்லை.

அடுப்படியிலிருந்து அமிர்தம் வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் சாக்கின் கட்டை அவிழ்த்தாள். பூனை பாய்ந்து கட்டிலுக்கு அடியில் போனது.

காலிச் சாக்கை மகள் கையில் கொடுத்தாள்.

“அன்னிக்கு டாக்டர் ரூம் கதவு சாத்தலடி. நான் வெளிய பெஞ்சுலதான் குந்தினு இருந்தேன். வேகாத சுவரொட்டிய ஊட்டினது நான். ஆத்துக்கு அந்தாண்ட வுடறதுன்னா என்னக் கொண்டும்போயி வுடு.”