கொளம் ஏன் வத்துச்சு?

பழைய கொளம் ஏன் வத்துச்சுன்னு கட்டுரை எழுதச் சொன்னாங்க மைனா டீச்சர். நண்டுப் பொண்ணு ஒரே வரியில முடிச்சிருச்சு: "எருமையம்மா குடிச்சே தீத்துட்டாங்க."

"யாரு பாத்தா?"ன்னாங்க டீச்சர்.

"எல்லாரும் சொல்றாங்க டீச்சர்."

"எல்லாரும்ங்கிறவரு எந்தத் தெருவுல இருக்காரு? போயி கொளத்தையே பாத்துட்டு வந்து எழுது."

ஊரு பேசுற அந்தப் பேச்சாலதான் எருமையம்மாவப் புதுக் கொளத்துல யாரும் எறங்க விடுறதில்ல. பாவம், வெயில்ல தோலு வெடிச்சுத் திரியிறாங்க.

நண்டு போயி காஞ்ச கரையச் சுத்திப் பாத்துச்சு. கரை பூரா ஓட்டை. ஒண்ணுல நொழஞ்சா, அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி கச்சிதமா இருக்கு! "ஐயையோ, இது எங்க ஆளுக தோண்டுன வளையாச்சே! தண்ணி இது வழியாத்தான் ஒழுகிருக்கு." மண்ணப் போட்டு மூடிரலாமான்னு கூட ஒரு நிமிஷம் நெனச்சுச்சு.

மறுநா வகுப்புல எந்திரிச்சு வாசிச்சுச்சு: "கரைய ஓட்டை போட்டது எங்க தாத்தாமாரு. நானே உள்ள போயிப் பாத்தேன். எருமையம்மா தாகத்துக்குத்தான் குடிச்சாங்க."



பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன எருமையம்மா மெதுவாத் தலைய நீட்டுனாங்க.

"ஏங்கண்ணு, அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசிக்கிறியா?"