மூணாவது ஓலை

பூசையில, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிச்சு முடிச்சிட்டு, "இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லலாம்"னு சாமியார் கேட்டாரு. வழக்கமா கேக்கறதுதான். யாரு சொல்லப் போறாங்க? இருமுறவங்க இருமிக்கினு இருப்பாங்க, புள்ளையத் தட்டித் தூங்க வெக்கிறவங்க வெச்சிக்கினு இருப்பாங்க.

"எனக்கு இருக்குது சாமி."

திரும்பிப் பாத்தா, கதவோரமா சவுரியம்மாள் நின்னுக்கினு இருக்கா.

ஓலையில பேரு வந்த அடைக்கலமேரி அவளோட மருமவ. சவுரியம்மாளோட ஒரே மவன் சின்னப்பனைக் கட்டினவ. மல்லாட்டைக் கொல்லையில கடலை புடுங்கறப்போ பாம்பு கடிச்சு, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போற வழியிலியே அவன் போயிட்டான். இப்ப மூணு வருஷம் கழிச்சு, திண்டிவனத்துல சைக்கிள் கடை வெச்சிருக்கிற அப்பாதுரை அவளைக் கட்டிக்கிறேன்னு வந்திருக்கான். ரெண்டு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிச்சாச்சு. இது கடைசி. இதைத் தாண்டிட்டா கல்யாணம்தான்.

"அதான பாத்தேன்"னு என் காதைக் கடிச்சா பக்கத்துல உக்காந்திருந்த கெங்கம்மாள். "மருமவ மில்லுக்குப் போயி மல்லாட்டை ஒடைச்சாதான இவளுக்குக் கஞ்சி? லேசுல விடுவாளா?"

"சும்மா இருடி, கோயில்ல."

"பக்கத்து வீட்டுக்காரி நீ. உனக்குத் தெரியாததா?"

எனக்கு என்னா தெரியும்? மவனை அடக்கம் பண்ண அன்னிக்கு இதே வாசல்ல நின்னு, "இனிமே உன் படி மிதிக்க மாட்டேன்"னு ஆண்டவர்கிட்ட நேராவே சொல்லிட்டுப் போனவ சவுரியம்மாள். சொன்ன மாதிரியே மிதிக்கல. ஈஸ்டருக்கும் வரல, கிறிஸ்துமசுக்கும் வரல. சாமியாரே வீடு தேடிப் போனதுக்கு, "உக்காருங்க, மோர் குடிங்க, அவரைப் பத்தி மட்டும் பேசாதீங்க"ன்னுட்டா.

அடைக்கலம்தான் பொழுது சாஞ்சா செபமாலையைக் கையில எடுக்கும். மந்திரத்துல முன்பாதிய ஒருத்தர் சொன்னா, பின்பாதிய கூட இருக்கறவங்க சொல்லணும். மாமியாக்காரி செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவா. ரெண்டு பாதியையும் அந்தப் பொண்ணே சொல்லிக்கினு கெடக்கும். எங்க வீட்டுக்கும் அது கேக்கும். கேக்கவே எனக்குக் கஷ்டமா இருக்கும்.

அப்படி வீம்பு புடிச்சவ, இன்னிக்குப் படி ஏறி வந்திருக்கா. அதுவும் தடை சொல்ல.

முன்னால உக்காந்திருந்த அப்பாதுரை எழுந்துட்டான். அவங்கம்மா வெள்ளையம்மாள் அவன் சட்டையைப் புடிச்சு இழுத்துச்சு.

"வாடா போலாம். இந்தப் பேஜாரே நமக்கு வேணாம். ஊருல வேற பொண்ணா இல்ல?"

"இரும்மா. என்னான்னு கேப்போம்."

அடைக்கலம் தலையே நிமிரல. முக்காட்டை இன்னும் முன்னால இழுத்து வுட்டுக்கிச்சு. கன்னியாஸ்திரி மடத்துல வளந்த பொண்ணு அது, பெத்தவங்க யாருன்னே தெரியாது. சின்னப்பனைக் கட்டினப்போ ஓலையில "மடத்துப் பிள்ளை"ன்னுதான் வாசிச்சாங்க. சிலபேரு வாயைப் பொத்திக்கினு சிரிச்சாங்க. இந்தக் கல்யாணமும் நின்னுபோனா அது எங்க போவும்?

போன வருஷம், எண்பத்தஞ்சுல வாங்கின மைக்கு கீச்சுன்னு கத்துச்சு. சாமியார் அதை விட்டுட்டுத் தள்ளி வந்தாரு.

"சவுரியம்மா, பூசை முடியட்டும். உள்ள வந்து சொல்லுங்க."

"இங்கதான கேட்டீங்க? இங்கியே சொல்றேன்."

விறுவிறுன்னு நடந்து வந்து நடுவுல நின்னுட்டா.

"மாப்பிள்ளைகிட்ட ஒரு குத்தமும் இல்ல. தங்கமான புள்ள."

"அப்புறம் என்ன தடை?"

"அவனை மட்டும் வெள்ளையம்மாள் மவன்னு வாசிச்சீங்க. இவளை, செத்துப்போன சின்னப்பன் பொண்டாட்டின்னு வாசிச்சீங்க. ரெண்டு வாரமா இப்படித்தான்னு சொன்னாங்க, நான் நம்பல. இப்பக் காதால கேட்டேன்."

"தாய் தகப்பன் பேரு தெரியலியேம்மா. வேற எப்படி எழுதறது?"

சவுரியம்மாள் பீடத்தைக் காட்டினா.

"எம் புள்ளைய இவரு எடுத்துக்கினாருன்னு கோவிச்சுக்கினு படுத்திருந்தேன் சாமி. தெனைக்கும் எனக்கும் சேத்து இவதான் செபம் சொன்னா. போன மாசம் ஜுரத்துல இவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மந்திரம் பாதியில நின்னுடுச்சு. மீதிய எம் வாயி தானா சொல்லிச்சு. அப்பதான் எனக்கு ஒறைச்சுது. இவரு எடுத்துக்கினு மட்டும் போவல, ஒண்ணைக் குடுத்துட்டும் போயிருக்காரு."

கண்ணைத் தொடைச்சுக்கினா. ஆனா விடல.

"தாய் பேரு தெரியலன்னு இனிமே சொல்லாதீங்க. சவுரியம்மாள் மகள்னு எழுதுங்க."

அடைக்கலம் அப்பதான் தலையைத் தூக்குச்சு. புருசன் செத்தப்பகூட அது அப்படி அழுது நான் பாத்ததில்ல. வெள்ளையம்மாள் மவன் சட்டையை விட்டுட்டு முந்தானையில மூக்கைத் தொடைச்சுக்கிச்சு. எனக்கும் அப்பாடான்னு இருந்துது. கெங்கம்மாள் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்ல.

சாமியார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கினாரு. பேனாவால ஒரு வரிய அடிச்சிட்டு, மைக்கு முன்னால போயி மறுபடி வாசிச்சாரு.

"திண்டிவனம் வெள்ளையம்மாள் மகன் அப்பாதுரைக்கும், இவ்வூர் சவுரியம்மாள் மகள் அடைக்கலமேரிக்கும் திருமணம் நடக்க இருக்கிறது. தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லலாம்."

சவுரியம்மாள் எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்தா.

"யாருக்காவது இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க. பொண்ணைப் பெத்தவ நான்தான்."