இறங்காத கை

"எதிர்க்கிறவா கையைத் தூக்கலாம்" என்றாள் அபயாம்பாள், ஒப்புக்கு.

யாரும் தூக்கப் போவதில்லை என்றுதான் மாட வீதி மாதர் சங்கத்தில் எல்லோரும் நினைத்தார்கள். பஜ்ஜித் தட்டுகூட வந்துவிட்டது.

பின் வரிசையில் ஒரு கை எழுந்தது.

ரத்னா! தலைவி அபயாம்பாளின் சொந்த மாட்டுப்பெண்!

தீர்மானம் இதுதான். காஷ்மீர் சண்டையை நிறுத்தச் சொல்லி வெளி தேசத்தார் நம்மை நெருக்கக் கூடாது. எதிரியை முழுக்க விரட்டுகிற வரை ஓயக் கூடாது. இதை ஐக்கிய நாட்டுச் சபைக்குத் தந்தியாக அடிக்க வேண்டும். அந்தச் சபை எந்த ஊரில் கூடுகிறது என்று சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தந்தி ஆபீஸ்காரனுக்குத் தெரிந்தால் போதாதா?

ஒரே ஒரு சங்கடம். சங்கத்தின் பேரில் தந்தி போக வேண்டுமென்றால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேற வேண்டும். அப்படி ஒரு விதி. இத்தனை நாள் அதனால் யாருக்கும் தலைவலி வந்ததில்லை.

"ஏண்டி ரத்னா, தூக்கத்திலே தூக்கிட்டியா?" என்றாள் காரியதரிசி சுந்தரவல்லி.

"முழிச்சுண்டுதான் மாமி இருக்கேன்."

சுந்தரவல்லிக்குச் சுருக்கென்றது. தீர்மானத்தை எழுதியவள் அவள்.

"வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம் ஆச்சு. மறுபடியும் அவன் வந்து நமக்குப் பஞ்சாயத்துப் பண்ணணுமா? திருடன் சமையலுள் வரைக்கும் வந்தாச்சு. இப்போ போய் 'ரெண்டு பேரும் நின்ன இடத்திலேயே நில்லுங்கோ'ன்னா, யாருக்குடி லாபம்?"

நியாயமான கேள்விதான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"திருடன் இல்லேன்னு நான் சொல்லலையே மாமி. ஆனா ஜனவரியிலே அந்தச் சபைக்குப் போய் முறையிட்டது யாரு? நாமதானே? ஆளைக் கூப்பிட்டுட்டு, வந்தவாளைப் பார்த்து 'நீ யாரு'ன்னா எப்படி?"

"அது வேலியிலே போற ஓணானை எடுத்து மடியிலே விட்டுண்ட கதை!"

"இருக்கட்டும். மடி ஆசாரம் பார்க்கறவாகூட, ஆத்துல தீப்பிடிச்சா எந்தக் கிணத்துத் தண்ணின்னு கேக்கறதில்லை. யார் வாளி கொண்டு வந்தாலும் வாங்கி ஊத்தறோம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். சுந்தரவல்லி திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

"சுத்தி வளைக்காதே. புருஷன் பட்டாளத்தோட பூஞ்ச் மலையிலே சண்டையிலே இருக்கான், பயம்! அதை நேராச் சொல்லேன்!"

"பயம்தான். நேராவே சொல்றேன். பயப்படாம இருக்க, அவர் என்ன வழியிலே போறவரா?"



அபயாம்பாள் மேஜையைத் தட்டினாள். "ரத்னா, கையை இறக்கு."

"மாட்டேம்மா."

"உன் ஆத்துக்காரன் எனக்குப் பிள்ளை. பத்து மாசம் சுமந்தவ நானே வாயை மூடிண்டு இருக்கேன். இறக்கு!"

"சுமந்தவாளுக்கு அந்த மனசு இருக்கலாம். எனக்கு இல்லை."

"எவ்வளவு திமிர்!" என்றாள் ஒருத்தி. "வீரத்தாய்னு மாமிக்கு மாலை போட்டோமே, அந்த ஆத்துலேர்ந்து இப்படி ஒருத்தியா!" என்றாள் இன்னொருத்தி.

அபயாம்பாளின் முகம் கடுகடுவென்று ஆயிற்று. "கடைசியாக் கேக்கறேன். மாமியாரை எதிர்த்துண்டு ஆத்துக்கு எப்படித் திரும்பி வரப் போறே? யோசிச்சுக்கோ. இறக்கறியா, இல்லையா?"

ரத்னாவின் கண் நிறைந்துவிட்டது.  தூக்கிய கையின் முழங்கைக்கு இடது கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டாள்.

"நீங்க என்னைப் பொறந்தாத்துக்கே அனுப்பினாலும் சரி. கை இறங்காது."

சுந்தரவல்லி எழுந்தாள். "சின்னப் பொண்ணு, ஏதோ உளர்றா. இவளைக் கணக்கிலே சேர்க்க வேண்டாம் மாமி. ஏகமனதாகன்னே போட்டுடலாம்."

"அங்கத்தினர்னா அங்கத்தினர்தான்" என்றாள் அபயாம்பாள் வெட்டென்று. "மாமியார், மாட்டுப்பெண்ணெல்லாம் ஆத்துல. விதி விதிதான். தந்தி போகாது. கூட்டம் கலையலாம்."

சொந்த மாட்டுப்பெண்ணே சபையில் மானத்தை வாங்கியும் விதியை விட்டுக் கொடுக்கவில்லையே! அபயாம்பாளைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் புகழ்ந்தார்கள். ரத்னா பக்கம் ஒருவரும் போகவில்லை. வீட்டுக்குப் போனதும் அவளுக்கு இருக்கிறது பூஜை என்று பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள்.

இருவரும் ஏறியதும் ஜட்கா வண்டி கிளம்பியது. ரத்னா ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். வண்டி தெப்பக்குளம் திரும்பியது.

ரத்னாவால் தாங்க முடியவில்லை. "அம்மா, நாளைக்கே அனுப்பிடுவேளா?"

அபயாம்பாள் மாட்டுப்பெண்ணின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தோளிலிருந்து விரல் வரை மெல்லப் பிடித்துவிட்டாள்.

"மரத்துப் போச்சாடி?"

ரத்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வீரத்தாய்னு மாலையைப் போட்டு என் வாயைக் கட்டிட்டா. சண்டையை நிறுத்துங்கோன்னு நான் எந்த மூஞ்சியை வச்சுண்டு சொல்றது?" என்றாள் அபயாம்பாள். "வர வெள்ளிக்கிழமை சுந்தரவல்லி இதே தீர்மானத்தை மறுபடியும் கொண்டு வருவா. தலைவலின்னு ஆத்துல படுத்துண்டுடாதே."

"அப்போ... அங்கே அத்தனை கோபமா இறக்கு, இறக்குன்னேளே?"

"ஆமாம், நாலு பேர் பார்க்கறாளேன்னு கேட்டு வச்சேன். எங்கே நிஜமாவே இறக்கிடுவியோன்னு, ஒவ்வொரு தடவையும் எனக்கு உசுரே போயிடுத்துடி!"