இன்றைய கடல்

அலைச்சறுக்கு ஆட வருகிறவர்களுக்காகக் கடற்கரையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். ‘இன்றைய கடல்’ என்ற தலைப்பு மட்டும் அழியாத பெயின்ட். அதன் கீழே தினமும் சாக்பீஸால் எழுதுகிற ஆள் வராமல் பத்து நாளாயிற்று. அவன் கடைசியாக எழுதிய ‘அலை இரண்டடி, காற்று இதம், தாராளமாக இறங்கலாம்’ அப்படியே நின்றது.

அன்று விடிந்ததிலிருந்தே காற்று திசைமாறி உறுமிக்கொண்டிருந்தது. பலகையின் ஆணியெல்லாம் கிடுகிடுத்தது. அந்த நேரம் பார்த்து வயிறு நிறைய முட்டையோடு ஒரு நண்டு வந்து, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, தண்ணீரோரமாகவே வளை தோண்ட ஆரம்பித்தது.

“நண்டக்கா, அது பத்து நாள் பழசு! பெரிய அலை வருது, மேட்டுக்குப் போயிடுங்க!” என்று பலகை கத்தியது.

“இன்றையன்னுதானே போட்டிருக்கு? எழுத்துல இருக்கிறதை விட்டுட்டு உன் வாய்ப்பேச்சையா நம்பச் சொல்றே?”

“அது யாரோ என் மேல எழுதினது, அக்கா. பேசுறதுதான் நான்.”

நண்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானம் வந்த அலை வளையோடு நண்டை வாரிக்கொண்டு போனது. பலகையின் கழுத்துவரை ஏறி, சாக்பீஸ் எழுத்தையும் துடைத்துவிட்டுப் போனது. கத்திக் கத்திப் பலகைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சாயங்காலமும் காற்று அடங்கவில்லை. இன்னொரு நண்டு வந்து அண்ணாந்து பார்த்தது. அதன் வயிற்றிலும் முட்டை.

“இன்றைய கடல்... கீழே ஒண்ணும் போடலையே. அப்போ ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்” என்று சொல்லிக்கொண்டே அதே இடத்தில் தோண்ட ஆரம்பித்தது.